அஞ்சு விபத்து ஆகட்டும்னு காத்திருக்கிற நாற்சந்தி

நீளமான இழை. காரைக்கால்காரங்க முழுசா படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க, வாங்கிக்கறேன்.

ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். புத்தகம்னு ஒண்ணு இருக்கும். ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர். அடிபட்டு யார் வந்தாலும் அதில் எழுதணும். பேர், வயசு, எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது, எங்கே அடிபட்டது. அந்த "எங்கே" கட்டத்தில் ஒரே இடத்தோட பேரை எழுதி எழுதி, இப்போ நான் கேட்கறதுக்கு முன்னாடியே நர்ஸ் அக்கா எழுதிடறாங்க.

அந்த இடத்தோட பேரை இங்கே போடப் போறதில்லை. போட்டா மறுநாள் அங்கே மட்டும் ரெண்டு பேரிகார்டு வந்து நிக்கும், ஒரு போட்டோ வரும், விஷயம் முடிஞ்சிடும். வடக்கே பூவத்தில் இருந்து தெற்கே வாஞ்சூர் வரைக்கும் நம்ம மாவட்டத்துக்குள்ள ஓடற நெடுஞ்சாலை ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ஊர்ச் சாலைகள் அதில் வந்து ஏறுகிற சந்திப்புகள் எத்தனைன்னு உங்களுக்கே தெரியும். அவங்கவங்க சந்திப்பை மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க. ஒரு பஸ் ஸ்டாப், ரெண்டு டீக்கடை, ஒரு மெடிக்கல், மூலையில் கொடிக்கம்பங்கள், காலையில் ஸ்கூல் வேன், துறைமுகத்துக்குப் போற லாரி, சனிக்கிழமையானா திருநள்ளாறு போற வெளியூர் வண்டி. எல்லாம் ஒரே அச்சுதான்.

போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க. ஐம்பதைத் தாண்டிய வயசு. (அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) மகன் பைக் ஓட்ட, பின்னாடி ஒருபக்கமா உட்கார்ந்து வந்திருக்காங்க. கிளைச் சாலையில் இருந்து நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கணும். வலது பக்கம் சந்திப்பை ஒட்டியே ஒரு பஸ் நின்னு ஆள் ஏத்திக்கிட்டு இருக்கு. அந்த பஸ்ஸைத் தாண்டிக்கிட்டு ஒரு கார் வருது. இவனுக்கு கார் தெரியாது, காருக்கு இவன் தெரியாது.

மகனுக்கு வலது முழங்காலுக்குக் கீழே ரெண்டு எலும்பும் உடைஞ்சு வெளியே நீட்டிக்கிட்டு இருந்தது. பார்க்கப் பயங்கரம், ஆனா உயிருக்கு ஆபத்து இல்லை. அம்மாவுக்கு வெளியே நெத்தியில் ஒரு கீறல்தான். நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க. அரை மணி நேரத்தில் பேச்சு குழற ஆரம்பிச்சுது, ஒரு பக்கத்துக் கண்மணி பெரிசாகிட்டே வந்தது. மண்டை ஓட்டுக்கு உள்பக்கம் ரத்தம் கட்டி மூளையை நெருக்குதுன்னு அர்த்தம். நியூரோ சர்ஜன் இருக்கிற இடத்துக்கு அனுப்பணும். தஞ்சாவூரா, பாண்டிச்சேரியான்னு போன்ல பேசி, ட்யூப் போட்டு, ஆம்புலன்ஸ்ல ஏத்தினோம். ஆம்புலன்ஸ் எந்த வழியா போச்சு தெரியுமா? அதே சந்திப்பு வழியா.

அந்தப் பையன் ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு என்கிட்ட திரும்பத் திரும்பச் சொன்னது ஒண்ணே ஒண்ணு. "சார், நான் ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் எடுத்தேன் சார்." கூட வந்த மாமாக்காரர், "அவனுக்கு எப்பவும் அவசரம் சார்"ன்னார். காகிதத்தில் "கவனக்குறைவு"ன்னு எழுதப்பட்டது.

நான் பையன் சொன்னதை நம்பறேன்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வர்ற வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல கடக்கும். அதாவது ஒரு பஸ்ஸோட நீளத்தைவிட அதிகம். அவன் வலது பக்கம் பார்த்து, தலையைத் திருப்பி இடது பக்கம் பார்க்கிற அந்த ஒரு நொடிக்குள்ள, பஸ்ஸுக்குப் பின்னாடி இருந்த கார் பஸ்ஸுக்கு முன்னாடி வந்துடும். இதில் அவன் கவனம் எங்கே குறைஞ்சது? சந்திப்பு வாயிலேயே பஸ் ஸ்டாப்பை வெச்சது யாரோட கவனம்?

2022 ஜூலை ஞாபகம் இருக்கா? நம்ம ஊர்ல வயித்துப்போக்கு, அப்புறம் காலரான்னு உறுதியாச்சு. பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிச்சாங்க, பள்ளிக்கூடங்களை மூணு நாள் மூடினாங்க. வார்டு முழுக்க டிரிப் பாட்டில் தொங்கிச்சு. அப்போ எந்த அதிகாரியாவது நோயாளியைப் பார்த்து "நீ ஏன்யா அந்தத் தண்ணியைக் குடிச்சே? பார்த்துக் குடிச்சிருக்க வேணாமா?"ன்னு கேட்டாரா? கேட்கலை. எந்தத் தெருவில் இருந்து நோயாளி வர்றாங்கன்னு பார்த்தாங்க, குழாய் எங்கே உடைஞ்சு சாக்கடை கலக்குதுன்னு தேடினாங்க, குளோரின் போட்டாங்க. "தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிங்க"ன்னும் சொன்னாங்க. அதுவும் தேவைதான். ஆனா அதை மட்டும் சொல்லிட்டு உடைஞ்ச குழாயை அப்படியே விட்டிருந்தா நாம சும்மா இருந்திருப்போமா?

ரோட்டு விஷயத்தில் மட்டும் வருஷக்கணக்கா அதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கோம். உடைஞ்ச குழாயை விட்டுட்டு, குடிச்சவனைத் திட்டறோம்.

"ஹெல்மெட் போட்டிருக்கணும்"னு கமெண்ட் வரும். ஆமா, போட்டிருக்கணும். பின்னாடி உட்கார்றவங்களும் போடணும். அந்த அம்மா போட்டிருந்தா இந்த இழையே வேற மாதிரி இருந்திருக்கும். ஹெல்மெட்டுக்காக எங்கே வேணும்னாலும் வந்து பேசுவேன். நம்ம யூனியன் பிரதேசத்தில் கவர்னருக்கும் முதல்வருக்கும் மோதல் வர்ற அளவுக்கு 2019-ல இதே ஹெல்மெட் அரசியலானதையும் பார்த்தவன்தான். ஆனா ஹெல்மெட் மண்டையைக் காப்பாத்தும், மோதலைத் தடுக்காது. இடுப்பெலும்புக்கு ஹெல்மெட் கிடையாது. ரோட்டைக் கடக்கிற பாட்டிக்கும் கிடையாது.

2022-ல இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவங்க 1,68,491 பேர். மத்திய அரசோட கணக்கு. அதில் டூவீலர்ல போனவங்க ஏறக்குறைய 44%, நடந்து போனவங்க கிட்டத்தட்ட 20%. ரோட்டை அகலப்படுத்தும்போது யாரை நினைச்சு அகலப்படுத்தறோம்னு இந்தக் கணக்கை வெச்சுக்கிட்டு யோசிங்க.

இப்போ தலைப்புக்கு வர்றேன். ஒரு இடத்தை அரசாங்கம் "விபத்துப் பகுதி"ன்னு ஒத்துக்கணும்னா அதுக்கு இலக்கணம் இருக்கு. பிளாக் ஸ்பாட்னு பேர். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள்ள, மூணு வருஷத்தில், உயிர்ப்பலியோ கொடுங்காயமோ ஆன விபத்து அஞ்சு நடந்திருக்கணும். இல்லைன்னா பத்து உயிர் போயிருக்கணும். அப்போதான் பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறினாதான் பணம். நாலோட நின்னா? "இன்னும் தகுதி வரலை."

எங்க தொழிலில் இப்படி நடந்தா கொலைக் கேஸ் போடுவீங்க. "சுகர் 400 இருக்கு, ஆனா கால் இன்னும் அழுகலை, அழுகட்டும், அப்புறம் மாத்திரை தர்றேன்"னு நான் சொன்னா விடுவீங்களா?

அந்த அஞ்சை எண்றதிலும் ஓட்டை இருக்கு. போலீஸ்ல எஃப்.ஐ.ஆர். ஆனாதான் அது விபத்து. எனக்கு வர்ற கேஸ்ல பாதிப் பேர் "வழுக்கி விழுந்துட்டேன் சார்"ம்பாங்க. காலைப் பார்த்தாலே தெரியும், கார் பம்பர் உயரத்தில் எலும்பு நொறுங்கியிருக்கும். வழுக்கி விழுந்தா அப்படி உடையாது. ஆனா லைசென்ஸ் இருக்காது, இன்ஷூரன்ஸ் முடிஞ்சிருக்கும், இல்லை அங்கேயே அஞ்சாயிரம் பத்தாயிரம் கைமாறியிருக்கும். பேசித் தீர்த்துக்கிட்ட விபத்து கணக்கில் வராது. கணக்கில் வராத விபத்து நடக்கவே இல்லை. எங்க ஏ.ஆர். புத்தகத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கும்.

இந்தப் புத்தகத்தை வந்து பாருங்கன்னுதான் கேட்கறேன். பேர், முகவரி எதுவும் வேணாம். இடம், நேரம், வண்டி வகை, அடிபட்ட உறுப்பு, அவ்வளவு போதும். ஒரு வருஷத்துக் கணக்கை எடுத்து வரைபடத்தில் புள்ளி வெச்சா, எந்தச் சந்திப்புன்னு ஒரு மத்தியானத்தில் தெரிஞ்சிடும். போலீஸ், ஆஸ்பத்திரி, நெடுஞ்சாலைத் துறை எல்லாரும் ஒரே இடத்தில் விபத்தைப் பதியணும்னு ஐராட்னு ஒரு மென்பொருளே ஐஐடி மெட்ராஸும் என்.ஐ.சி.யும் சேர்ந்து பண்ணி வெச்சிருக்காங்க. கருவி இல்லாத குறை கிடையாது.

சரி, "சந்திப்பு மேம்பாடு"ன்னு பணம் வந்தா நம்ம பக்கம் என்ன நடக்கும்? மூலைகளை உருட்டி அகலமாக்குவாங்க. நடுவில் ஹைமாஸ் விளக்கு, அதில் யார் நிதின்னு விளக்கைவிடப் பெரிசா ஒரு போர்டு. ஒரு சிக்னல். முடிஞ்சா ஒரு தலைவர் சிலை. தலைவர்கள் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா டிரைவருக்கு எதிர்ப்பக்கம் தெரியாத இடத்தில் நிக்க வெச்சா அவங்களுக்கே பிடிக்காது.

இதில் ரொம்ப ஆபத்து அந்த மூலையை உருட்டற வேலை. மூலை செங்குத்தா இருந்தா வண்டி வேகத்தைக் குறைச்சுத்தான் திரும்ப முடியும். அகலமா வளைச்சு விட்டா அப்படியே சாய்ச்சுக்கிட்டு நாற்பதில் திரும்பும். நடந்து போறவன் கடக்க வேண்டிய தூரமும் கூடிடும். "ஃப்ரீ லெஃப்ட்"னு அதுக்குப் பேர். யாருக்கு ஃப்ரீ?

சிக்னல் நல்லதுதானேன்னு கேட்பீங்க. பகலில், ஆள் நின்னா, நல்லது. ராத்திரி என்ன பண்றாங்க? மஞ்சளைக் கண் சிமிட்ட விட்டுட்டுப் போயிடறாங்க. மோசமான கேஸ்கள் எனக்கு வர்றது அந்த நேரத்தில்தான். புயல் வந்தா கரண்ட் போகும். 2018 கஜா நேரத்தில் டெல்டா எப்படி இருட்டில் கிடந்ததுன்னு யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஆக, என் கட்சி இதுதான். சந்திப்பில் வண்டி 30-ஐத் தாண்ட முடியாதபடி ரோட்டையே அமைக்கணும். போர்டு வெச்சு இல்லை, அறிவுரை சொல்லி இல்லை, ரோட்டோட உருவத்தாலேயே. வேகம் இரட்டிப்பானா மோதலோட சக்தி நாலு மடங்கு. 60-ல மோதறதும் 30-ல மோதறதும் ஒரே வியாதியே கிடையாது. ஒண்ணு எனக்கு எக்ஸ்ரே கேஸ், இன்னொண்ணு மார்ச்சுவரி கேஸ். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினாலே உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து நாலு சதவீதம் கூடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

அதுக்கு நல்ல வழி சின்ன ரவுண்டானா. பிரான்ஸ்ல இருக்கிற உங்க சித்தப்பா, மாமாகிட்ட கேட்டுப் பாருங்க. காரைக்கால்ல வீட்டுக்கு ஒருத்தராவது அங்கே இருப்பாங்களே. "ரோன் புவான்"னு சொல்வாங்க. சின்ன கிராமத்து முக்கில்கூட இருக்கும். அங்கேயும் முன்னாடி வட்டத்துக்குள்ள நுழையறவனுக்குத்தான் முன்னுரிமை, வட்டம் அடைச்சுக்கிட்டு நிக்கும். 1980-களில் விதியை மாத்தினாங்க: உள்ளே சுத்தறவனுக்கு முன்னுரிமை, நுழையறவன் காத்திருக்கணும். அதுக்கப்புறம் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் முளைச்சுது. நாலு சாலை சாதாரணமா சந்திச்சா வண்டிகள் மோதிக்கக் கூடிய புள்ளிகள் 32. ரவுண்டானாவில் 8. அதைவிட முக்கியம், பக்கவாட்டில் நேரா வந்து குத்தற மோதல் இருக்காது, சாய்வா உரசறதுதான் இருக்கும். அமெரிக்காவில் சிக்னலும் ஸ்டாப் போர்டும் இருந்த 24 சந்திப்புகளை இப்படி மாத்திப் பார்த்த ஆய்வு 2001-ல வந்தது. காயம் ஏற்படுத்தற விபத்து முக்கால் பங்குக்கு மேல குறைஞ்சிருந்தது.

"அமெரிக்காவும் பிரான்ஸும் நமக்கு எதுக்கு சார், நம்ம ஆளுங்க வழிவிடுவாங்களா?" நியாயமான கேள்வி. கோயம்புத்தூர்ல லாலி ரோடு சந்திப்பு உட்படப் பல இடத்தில் சிக்னலை எடுத்துட்டு ரவுண்டானாவும் யூ-டர்னும் வெச்சாங்க. வண்டிகள் ஓடுது. ஆனா நடந்து போறவங்க ரோட்டைக் கடக்கத் திண்டாடறாங்கன்னு அங்கே புகார் வந்தது. வண்டி நிக்கவே நிக்காதபோது ஜனம் எப்படிக் கடக்கும்? அதனால ரவுண்டானா மட்டும் போதாது. நாலு பக்கமும் நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தின கிராசிங், நடுவில் நின்னு மூச்சு வாங்க ஒரு திட்டு, இதெல்லாம் சேர்ந்தாதான் அது சந்திப்பு. இல்லைன்னா கார்களுக்கான ராட்டினம்.

துறைமுகத்து டிரெய்லர் எப்படித் திரும்பும்னு லாரிக்காரங்க கேட்பாங்க. நடு வட்டத்தைச் சுத்தி ஒரு விளிம்பைத் தாழ்வா, கல் பதிச்சுப் போடணும். காருக்கு அது உறுத்தும், ஏறாது. லாரியோட பின்சக்கரம் ஏறி இறங்கிப் போகும். புதுக் கண்டுபிடிப்பெல்லாம் இல்லை. சனிக்கிழமை திருநள்ளாறு கூட்டத்துக்கு மட்டும் போலீஸ் நிக்கத்தான் வேணும், அதை மறுக்கலை.

தயவு செஞ்சு வேகத்தடையை மட்டும் கொட்டிட்டுப் போகாதீங்க. ஒரு சாவு விழும், மறியல் நடக்கும், அன்னைக்கு ராத்திரியே ஒரு லோடு தார் வந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு முளைக்கும். பெயின்ட் இருக்காது, விளக்கு இருக்காது. அடுத்த வாரம் பின்சீட்டில் இருந்து ஒரு வயசானவங்க தூக்கி எறியப்பட்டு முதுகெலும்பு நசுங்கி என்கிட்ட வருவாங்க. ஏ.ஆர். புத்தகத்தில் அதே இடம்.

பாண்டிச்சேரியில் இந்திரா காந்தி சதுக்கத்தில் இருந்து ராஜீவ் காந்தி சதுக்கம் வரைக்கும் 436 கோடியில் உயர்மட்டப் பாலம். 2025 அக்டோபர்ல நிதின் கட்கரி வந்து அடிக்கல் நாட்டினார். வரட்டும், அந்த நெரிசலில் நானும் மாட்டியிருக்கேன். எனக்கு அந்த மாதிரி பாலம் வேணாம். பால ஆசை காட்டி நம்மைப் பத்து வருஷம் காக்க வைக்கவும் வேணாம். முதல்ல பெயின்ட், ரப்பர் தடுப்பு, மணல் மூட்டை, கூம்பு. ஆறு வாரம் தற்காலிகமா வெச்சுப் பாருங்க. பஸ் ஸ்டாப்பைச் சந்திப்பைத் தாண்டி ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி வைங்க. டீக்கடைக்காரரோட பேசுங்க, கூட்டம் தள்ளிப் போனா அவர் பிழைப்பு அடிபடும், அதுக்கு வழி பண்ணுங்க. சரியா வந்தா கல்லாலும் கான்கிரீட்டாலும் கட்டுங்க. சரியா வரலைன்னா மூட்டையைத் தூக்கிட்டுப் போங்க, நஷ்டம் என்ன? அடிபட்ட பிறகு ஒருத்தருக்கு ஏழு நாள், ஒன்றரை லட்சம் வரைக்கும் இலவச சிகிச்சைன்னு மத்திய அரசு 2025-ல திட்டம் அறிவிச்சிருக்கு. ரொம்ப நல்ல திட்டம். அந்த ஒரு ஆளோட ஒன்றரை லட்சத்துக்கு எத்தனை டின் பெயின்ட் வரும்?

முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. 2023 டிசம்பர் 20, சனிப்பெயர்ச்சி. நம்ம நிர்வாகம் என்ன பண்ணுச்சு? எங்கே ஒருவழி, எங்கே வண்டி நிறுத்தம், எங்கே தடுப்பு, எல்லாம் வரைபடம் போட்டு, அத்தனை லட்சம் பேரைச் சமாளிச்சாங்க. மனசு வெச்சா நம்ம ஊர் அதிகாரிகளுக்குத் தெரியாத வேலை இல்லை. சனீஸ்வரன் இடம் மாறினா ரோடு மாறுது. செல்வியோ செல்வமோ செத்தா மாற மாட்டேங்குது.

அடுத்த சாக்கு குடிகாரங்க. "தமிழ்நாட்டில் இருந்து குடிக்க வர்றான் சார், திரும்பிப் போகும்போது விழறான், ரோடு என்ன பண்ணும்?" குடிச்சுட்டு ஓட்டறது குற்றம், பிடிங்க, அபராதம் போடுங்க, வண்டியைப் பறிங்க. ஆனா எல்லையில் வரிசையா கடை திறந்து வெச்சுக் கலால் வருமானம் பார்க்கிற அரசாங்கத்துக்கு, அந்த வாடிக்கையாளர் எப்படி வீடு போய்ச் சேருவார்னு தெரியாதா? அவன் இடிக்கிறது பெரும்பாலும் குடிக்காத ஒருத்தரை. அந்த அம்மா வாழ்க்கையில் தொட்டிருக்க மாட்டாங்க.

"நாலுவழி பைபாஸ் முழுசா வந்துட்டா எல்லாம் சரியாயிடும்"னு இன்னொரு சாக்கு. லாரி குறையும், ஒத்துக்கறேன். ஆனா காலியான அகல ரோட்டில் மிச்சம் இருக்கிற வண்டி மெதுவாவா போகும்? நம்ம பையன்களை நமக்குத் தெரியாதா? பைபாஸைக் கிராமத்துச் சாலைகள் எங்கெல்லாம் தொடுதோ, அங்கே புதுசா ஏ.ஆர். புத்தகத்தில் பேர்கள் சேரும்.

சட்டமும் இருக்கு. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்போ 198ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. தரம் தப்பி ரோடு போட்டு, அதனால சாவோ ஊனமோ வந்தா, பொறுப்பான அதிகாரம், காண்ட்ராக்டர், கன்சல்டன்ட் யாரா இருந்தாலும் ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். ஹெல்மெட் போடாதவனுக்கு அதே சட்டத்தில் ஆயிரம் ரூபாய். ரெண்டில் எது நம்ம ஊர்ல அமலாகுதுன்னு உங்களுக்கே தெரியும்.

யாரைக் கேட்கணும்ங்கறதுதான் நம்ம மாவட்டத்தோட தலைவலி. நெடுஞ்சாலைன்னா டெல்லி அமைச்சகம். கிளைச் சாலை பொதுப்பணித் துறை. தெருவிளக்கு, வடிகால்னா நகராட்சி இல்லைன்னா கொம்யூன் பஞ்சாயத்து. சிக்னல் போலீஸ். ஃபைல் 130 கிலோமீட்டர் தள்ளி பாண்டிச்சேரிக்குப் போய்த் திரும்பணும், நடுவில் தமிழ்நாட்டைத் தாண்டிப் போகணும். நோயாளியாவது ரெண்டரை மூணு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துடறாங்க. கலெக்டர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் கூட்டம் நடக்கும்போது ஆஸ்பத்திரியில் இருந்து ஒருத்தரைக் கூப்பிட்டு அந்தப் புத்தகத்தை மேஜை மேல வைக்கச் சொல்லுங்க. எல்லாத் துறையும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

நான் என் பங்குக்கு ஒண்ணு பண்றேன். வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கிட்டு என் சந்திப்புக்குப் போறேன். பஸ் எங்கே நிக்குது, எங்கிருந்து பார்த்தா எது தெரியலை, கடக்க எத்தனை அடி, ஒரு வயசானவர் கடக்க எத்தனை நொடி. அளந்து, படம் எடுத்து, மனுவோட கொடுக்கப் போறேன். சிவில் படிச்ச தம்பி தங்கச்சிங்க யாராவது கூட வந்தா உதவியா இருக்கும். உங்க சந்திப்பை நீங்களும் அளந்து படம் போடுங்க. நடு ரோட்டில் நின்னு அளக்காதீங்க, ஓரமா நின்னு, ரெண்டு பேரா போங்க.

விபத்தைப் பார்த்தா தயங்காம 108-க்குப் போன் போடுங்க. உதவி பண்றவரோட பேரைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, 134ஏ பிரிவு இருக்கு. அடிபட்டவரைக் கையையும் காலையும் பிடிச்சு ஆட்டோவில் திணிக்காதீங்க. கழுத்து ஆடாம பார்த்துக்கங்க, வாயில் தண்ணி ஊத்தாதீங்க.

இன்பாக்ஸ்ல கேட்கறவங்களுக்கு இங்கேயே சொல்லிடறேன். அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது, உயிர் பிழைச்சுட்டாங்க. வலது கை இன்னும் முழுசா எழும்பலை. மகன் காலில் வெளியே கம்பி மாட்டியிருக்கு. ரெண்டு பேரும் செவ்வாய்க்கிழமை கட்டு மாத்த வர்றாங்க, ஆட்டோவில், அந்தச் சந்திப்பைத் தாண்டித்தான்.